முதல் ஐந்து நாளும் கடைசி ஐந்து நாளும்: நெல்லைச் சீமையின் போதை மறுவாழ்வு இல்லங்கள், ஒரு மதிப்புரை

ஆட்டோ முதுகிலும் பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் ஒட்டியிருக்கும் போதை மறுவாழ்வு இல்ல விளம்பரங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. காற்றோட்டமான அறை, சைவ அசைவ உணவு, யோகா, தியானம், கேரம் போர்டு, கடைசி வரியில் 'வீட்டுக்கே வண்டி வரும்'. உள்ளே போகிற ஆள் முதல் வாரத்தைத் தாண்டுவாரா, வெளியே வந்தபின் குடிக்காமல் நிற்பாரா என்ற இரண்டு கேள்விக்கும் இதில் பதில் கிடையாது.

திருநெல்வேலி, தென்காசி வட்டாரக் குடும்பங்கள் தங்கிச் சிகிச்சைக்காக ஆளைக் கொண்டுபோய் விடுகிற இடங்களை மூன்றாகப் பிரிக்கலாம்: அரசு மருத்துவமனை மனநல வார்டு, மத்திய அரசு மானியத்தில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மையம், காசு வாங்கும் தனியார் இல்லம். ஓரமாக ஜெப வீடும் ஆசிரமமும் இருக்கின்றன. இங்கே பெயர் சொல்லி நட்சத்திரம் போடவில்லை. இத்தகைய இல்லங்களின் தரம் அங்கே வந்துபோகும் மருத்துவரையும் இரண்டு மூன்று கவுன்சிலர்களையும் நம்பியே நிற்கிறது. அவர்கள் மாறினால் ஆறே மாதத்தில் இல்லமும் வேறாகிவிடும். மதிப்பெண் போடும் முறை மட்டும் மாறாது. முப்பது நாள் சிகிச்சையில் நடுவிலுள்ள இருபது நாள் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதல் ஐந்து நாளிலும் கடைசி ஐந்து நாளிலும்தான் நல்ல இல்லமும் மோசமான இல்லமும் பிரிகின்றன.

முதல் ஐந்து நாள்

தினமும் குடித்துப் பழகிய மூளை, சாராயம் தன்னை அமுக்குவதற்கு எதிராகத் தன்னைத்தானே முடுக்கிக்கொண்டே இருக்கும். சாராயம் திடீரென நின்றதும் அமுக்கம் போய்விடும், முடுக்கம் போகாது. நடுக்கம், வலிப்பு, பிதற்றல் எல்லாம் இதனால் வருவதே. சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குக் கடைசியாகக் குடித்தார் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு விடியும்போது கை நடுங்கும், வியர்க்கும், குமட்டும். ஞாயிறு அதிகாலையிலிருந்து திங்கள் ராத்திரி வரை வலிப்புக்கான நேரம். திங்கள் ராத்திரியிலிருந்து புதன் ராத்திரி வரை, எல்லாருக்கும் இல்லாவிட்டாலும் சிலருக்கு, டெலிரியம் ட்ரெமன்ஸ் என்ற பிதற்றல் நிலை. இடம், நேரம், ஆள் எதுவும் பிடிபடாது. சுவரில் பூச்சி ஊரும். செத்துப்போன பெரியப்பா வாசலில் நின்று கூப்பிடுவார். காய்ச்சலும் நாடித்துடிப்பும் ஏறும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும்.

'சுடலை பிடிச்சிட்டு' என்று சொல்லி விபூதி போடவும் குறி கேட்கவும் கூட்டிப்போவது இந்தக் கட்டத்தில்தான். சபரிமலைக்கோ குலசை தசராவுக்கோ மாலை போட்ட அன்றே ஒரே போடாகக் குடியை நிறுத்துகிறவர்களில் சிலருக்கு இரண்டாம் நாள் வலிப்பு வருவதும் இதே காரணத்தால். சாமி குற்றம் ஒன்றும் இல்லை. முந்தைய நாள் வரை தினம் இரண்டு குவாட்டர் அடித்த உடம்பு அது.

ஆகவே இல்லத்தில் முதலில் கேட்க வேண்டியது: ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இங்கே மருத்துவர் யார், எத்தனை நிமிடத்தில் வருவார்? 'போன்ல கேட்டுக்குவோம்' என்று பதில் வந்தால், முதல் வாரத்துக்கு அந்த இடம் வேண்டாம். நடத்துகிறவர் நல்ல மனுஷராகவே இருக்கலாம். வலிப்பு அதற்காகக் காத்திருக்காது. பயிற்சி பெற்ற செவிலியர் இரவிலும் இருக்கிறாரா, ரத்த அழுத்தமும் நாடியும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதப்படுகின்றனவா, ஆக்சிஜன் சிலிண்டரும் சர்க்கரை பார்க்கும் கருவியும் கைக்கெட்டும் இடத்தில் உள்ளனவா என்பதை நேரில் பார்க்கலாம். நல்ல இடங்களில் 'சிவா' (CIWA) என்று சுருக்கிச் சொல்லும் பத்துக் கேள்வி அட்டவணையை வைத்து, நடுக்கம், வியர்வை, பதற்றம் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு மருந்தின் அளவைக் கூட்டிக் குறைப்பார்கள். கேஸ் ஷீட்டைக் காட்டச் சொன்னால் தெரிந்துவிடும்.

மருந்து பெரும்பாலும் லிப்ரியம் என்று அழைக்கப்படும் குளோர்டயசெபாக்சைடு, அல்லது டயசெபாம். ஈரல் கெட்டவருக்கு லோராசெபாம். முதல் நாள் அதிகமாகக் கொடுத்து, ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். இரண்டு விதத்தில் இது தப்பாகப் போகிறது. அளவு போதாமல் வலிப்பு வருவது ஒன்று. நிறுத்தவே நிறுத்தாமல் வீட்டுக்கும் அதே மாத்திரையை எழுதிக் கொடுத்து, பாட்டிலுக்குப் பதில் மாத்திரைக்கு ஆளை அடிமையாக்குவது மற்றொன்று.

அளவு போதாமல் போவதில் குடும்பத்துக்கும் பங்கு உண்டு. சேர்க்கும்போது மருத்துவர் கேட்பார், வீட்டுக்காரம்மா கூச்சத்தில் 'கொஞ்சம்தான் சார்' என்பார். கணக்கு இப்படி: ஒரு குவாட்டர் என்பது 180 மில்லி. லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருந்தால் அதில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 60 கிராம். பத்து கிராமை ஒரு அளவு என்று எண்ணும் மருத்துவக் கணக்கில் அது ஆறு. ஆஃப் என்றால் 375 மில்லி, பன்னிரண்டைத் தாண்டும். 'தினம் ஒரு ஆஃப், பத்து வருஷமா, கடைசியா நேத்து ராத்திரி ஒன்பதரைக்கு' என்று சொன்னால் மருத்துவர் மருந்தைச் சரியாகக் கட்டுவார். முன்பு எப்போதாவது நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வரும் வாய்ப்பு அதிகம்.

அடுத்தது தயமின், அதாவது பி1 வைட்டமின். பல மாதமாகச் சோறு இறங்காமல் குடித்தவர் உடம்பில் அது வற்றிப் போயிருக்கும். 'ஆள் சோர்ந்து கெடக்கான், ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க' என்பது ஊர் வழக்கம். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிச்சமிருந்ததும் செலவாகி வெர்னிக்கே என்ற மூளைப் பாதிப்பு வரக்கூடும். கண் அசைவு கோணும், நடை தள்ளாடும், புத்தி குழம்பும். குடிவெறி என்று நினைத்து விட்டுவிட்டால் ஞாபகசக்தி திரும்பாமலே போகலாம். தயமின் ஊசி முதலில், அல்லது குளுக்கோஸோடு சேர்த்து. இதைக் கேட்டதும் தலையாட்டுகிற செவிலியர் இருக்கிற இடத்தை நம்பலாம்.

சேர்த்த அன்றைக்கு எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனை: ஈரல், சிறுநீரகம், சர்க்கரை, உப்புச் சத்துகள், ரத்த அணுக்கள். ஊசி போட்டுப் பழகியவர் என்றால் அவர் சம்மதத்தோடு எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி. வலிப்பு, காய்ச்சல், ரத்த வாந்தி, கறுப்பு மலம், மஞ்சள் கண், வயிறு வீக்கம், ஆளைத் தெரியாத குழப்பம் இவற்றில் ஒன்று வந்தாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டும். மலையடிவாரத்தில் தோப்புக்குள் இருக்கும் இல்லம் பார்க்கக் குளுமையாகத்தான் இருக்கும். களக்காடு, பாபநாசம் பக்கத்திலிருந்து ராத்திரி ஒரு மணிக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

எந்த இடம் எப்படி

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுதான் முதல் ஐந்து நாளுக்கு எங்கள் தேர்வு. பொது மருத்துவம், ஈரல், தீவிர சிகிச்சை எல்லாம் ஒரே வளாகத்தில். மருந்தும் பரிசோதனையும் இலவசம். குறைகளும் தெரிந்தவையே: கூட்டம், பக்கத்தில் இருந்து பார்க்க வீட்டு ஆள் ஒருவர் வேண்டும், உடம்பு தேறியதும் சீக்கிரம் அனுப்பிவிடுவார்கள். கவுன்சிலிங் உண்டு, ஆனால் ஒரு மாதம் உட்காரவைத்துப் பேச அங்கே படுக்கையும் நேரமும் கிடையாது. 2025-இல் தமிழக அரசு அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. மனநலப் பிரிவு ஓ.பி.யில் கேட்டால் பக்கத்தில் எது, படுக்கை உண்டா என்பதைச் சொல்வார்கள். ஓ.பி. சீட்டுக்குக் காலையிலேயே போய்விட வேண்டும்.

மானிய மையங்கள் மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் திட்டத்தில் நடப்பவை. தங்கலும் சாப்பாடும் சிகிச்சையும் இலவசம். கட்டில் பதினைந்து என்பது சாதாரண அளவு, ஆகவே இடத்துக்குக் காத்திருக்க நேரிடும். கவுன்சிலர், செவிலியர், யோகா ஆசிரியர் எல்லாம் திட்டத்திலேயே உண்டு. மருத்துவர் மட்டும் பகுதிநேரம். அதனால் இவை நடு இருபது நாளுக்கு நன்று, முதல் ஐந்துக்குத் தயக்கம். ஹைகிரவுண்டில் ஒரு வாரம், டிஸ்சார்ஜ் சீட்டோடு நேரே மானிய மையத்தில் மூன்று வாரம் என்று இரண்டையும் இணைத்தால், செலவில்லாமல் கிடைப்பதில் இதற்கு மேல் ஒன்று இல்லை. நடுவில் 'வீட்டுக்குப் போய்ட்டு நாளைக்கு வர்றேன்' என்பதற்கு மட்டும் இடம் கொடுக்கக் கூடாது. அந்த ஒரு நாளில் மொத்தமும் போய்விடும். எந்த மையம் பக்கத்தில் என்று கேட்க 14446 என்ற கட்டணமில்லா எண் உள்ளது. மனநலப் பேச்சு உதவிக்கு டெலி மனஸ் 14416. இரண்டையும் தமிழிலேயே கூப்பிடலாம்.

தனியார் இல்லங்களில் மிக நல்லதும் உண்டு, மிகக் கேவலமானதும் உண்டு. சொந்தமாக மனநல மருத்துவர் நடத்தும் சிறு மருத்துவமனைகள் முதல் ஐந்து நாளை ஒழுங்காகப் பார்ப்பார்கள், ஆனால் கடைசி ஐந்து நாள் பில்லோடு முடிந்துவிடும். குடியிலிருந்து மீண்டவர்கள் நடத்தும் இல்லங்களில் இது தலைகீழ். பேச்சும் மீட்டிங்கும் அருமையாக இருக்கும். மருந்துப் பக்கம் ஓட்டை. கட்டணம் பேசும்போது 'மாசம் இவ்வளவு' என்பதோடு நிற்காமல், மருந்து, ரத்தப் பரிசோதனை, மருத்துவர் வருகை, வெளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வண்டி, சோப்பு எண்ணெய் வரை எது உள்ளே எது வெளியே என்று எழுதி வாங்க வேண்டும். நோயாளி பத்தாம் நாள் கிளம்பிவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும். மூன்று மாதப் பணத்தை மொத்தமாக முன்கூட்டியே கேட்கிற இடத்தில், ஆளை அனுப்பிவைக்க அவர்களுக்கு அவசரம் இருக்காது.

மருத்துவக் காப்பீட்டை நம்பிக் கணக்குப் போடுகிறவர்கள் பாலிசியின் விலக்குப் பட்டியலைப் பார்க்கவும். மனநோய்க்கு உடல்நோய் போலவே காப்பீடு தர வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், மதுப்பழக்கம், போதைப்பழக்கச் சிகிச்சை விலக்கு என்ற வரி பல பாலிசிகளில் இருக்கிறது.

ஜெப வீடு, ஆசிரமம் பற்றி ஒரு வரி: நம்பிக்கையால் நிற்கிறவர்கள் நிறையப் பேர், அது உண்மை. ஆனால் மருந்தை நிறுத்தச் சொல்கிற இடத்துக்கு முதல் இரண்டு வாரத்தில் ஆளை அனுப்புவது ஆபத்து.

வண்டி, பூட்டு, சங்கிலி

'வீட்டுக்கே வண்டி வரும்' என்ற வரிக்கு அர்த்தம், ராத்திரி நான்கு பேர் வந்து ஆளைக் கையைக் கட்டித் தூக்கிப் போவார்கள் என்பது. இதை ஒரு வசதியாக விற்கிறார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்பையும் மனநோய் என்றே கணக்கில் எடுக்கிறது. ஆகவே இத்தகையவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இல்லம் எதுவும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் முதல்முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். வாசலில் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா, அதில் எழுதிய தேதி முடிந்துவிட்டதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். 'டிரஸ்ட் பதிவு' வேறு, இது வேறு. டிரஸ்ட் பத்திரத்தைக் காட்டிச் சமாளிக்கிறவர்கள் உண்டு.

தன் விருப்பத்தில் சேர்ந்தவர் தன் விருப்பத்தில் போகலாம். நிலைமை மோசம் என்று தோன்றினால் மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம் நிறுத்திவைக்கலாம், அவ்வளவுதான். விருப்பமில்லாதவரைச் சேர்க்க 89-ஆம் பிரிவு. அவர் நியமித்த பிரதிநிதி விண்ணப்பம் கொடுக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மனநலப் பணியாளரோ மருத்துவரோ தனித்தனியே பார்த்திருக்க வேண்டும், அதுவும் அன்றைக்கோ முந்தைய ஏழு நாளுக்குள்ளோ. தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாத நிலை என்று அவர்கள் கருத வேண்டும். மனநல மறுஆய்வு வாரியத்துக்கு ஏழு நாளுக்குள், பெண்ணோ சிறாரோ என்றால் மூன்று நாளுக்குள் தகவல் போக வேண்டும். உச்சவரம்பு 30 நாள். அதற்கு மேல் வைத்திருக்க 90-ஆம் பிரிவின் தனி நடைமுறை. 'அப்பா கையெழுத்துப் போட்டுட்டார், ஆறு மாசம் இருக்கட்டும்' என்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

சங்கிலி எந்த வடிவத்திலும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் (நாங்குநேரிப் பக்கத்து ஏர்வாடி இல்லை, ராமநாதபுரத்து ஏர்வாடி) ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிக்கிடந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் கருகிச் செத்தார்கள். இருந்தும் 'ஓடிப்போவான்' என்று கால்விலங்கு போட்ட செய்தி இன்றும் எங்காவது வருகிறது. கட்டாய மொட்டை, சம்பளமில்லாத கட்டாய வேலை, தனியறையில் பூட்டுவது இவையும் தடைதான். ஒரு மாதம் போன் பேசக் கூடாது, பார்க்க வரக் கூடாது என்று முழுசாக அடைப்பதற்கும் அனுமதி இல்லை. நியாயமான நேரத்தில் பேசவும் பார்க்கவும் உரிமை உண்டு. முதல் மூன்று நாள் போனை வாங்கி வைப்பதை நாங்கள் குறை சொல்லமாட்டோம். மூன்றாவது வாரமும் வீட்டாரைத் தனியே பார்க்கவிடாமல், பக்கத்தில் ஒரு வார்டனை நிறுத்துகிற இடம் எதையோ மறைக்கிறது. சட்ட உதவிக்கு எண் 15100.

பார்க்கப் போகும்போது ஆபீஸ் அறையில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வரக் கூடாது. கக்கூஸ் கதவு உட்புறம் தாழ் போடுகிறதா, ஜன்னல் கம்பிக்கு உள்ளே எத்தனை பேர் படுக்கிறார்கள், தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழி எங்கே, ராத்திரிச் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 'வாலண்டியர்' என்று அறிமுகப்படுத்தப்படுகிறவர் யார் என்று கேட்க வேண்டும். இரண்டு மாதம் முன்பு நோயாளியாக வந்து, கட்டணம் கட்ட முடியாமல் அங்கேயே தங்கிவிட்ட ஆளின் கையில் கம்பைக் கொடுத்திருந்தால் அது மறுவாழ்வு இல்லம் ஆகாது. பல வருடம் குடிக்காமல் நின்று, பயிற்சி எடுத்து, சம்பளம் வாங்கி வேலை செய்கிற முன்னாள் குடிநோயாளி என்றால் அவரைவிட நல்ல ஆள் கிடைப்பது கஷ்டம்.

வரமாட்டேன் என்கிறவரை எப்படிக் கூட்டிப்போவது? ராத்திரி போதையில் பேசிப் பலனில்லை. காலை ஆறு ஏழு மணிக்கு, கை நடுங்கிக்கொண்டிருக்கும்போது, அவர் மதிக்கிற ஒருவர் (தாய்மாமாவோ, வேலை கொடுக்கிற அண்ணாச்சியோ) உட்கார்ந்து, 'கை நடுக்கத்துக்கும் தூக்கத்துக்கும் டாக்டரப் பாப்போம்' என்று சொன்னால் ஹைகிரவுண்டு ஓ.பி. வரை வருகிறவர்கள் ஏராளம். அது பொய்யும் இல்லை. கிளம்புகிற அன்று பஸ் ஏறும்வரை கையில் காசு தங்காமல் பார்த்துக்கொள்வது போதும்.

நடு இருபது நாள்

காலை எழுப்பி உடற்பயிற்சி, டிபன், வகுப்பு, குழு ஷேரிங், மதியச் சோறு, தனிக் கவுன்சிலிங், விளையாட்டு, சாயங்காலம் ஏ.ஏ. மீட்டிங், மாத்திரை, படுக்கை. எங்கும் இதுதான். 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய, குடியிலிருந்து மீள்வோர் கூட்டமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் (ஏ.ஏ.) பன்னிரண்டு படிகள்தாம் பெரும்பாலான இல்லங்களின் பாடத்திட்டம். தங்கிச் சிகிச்சையின் இந்த வடிவத்தைத் தமிழ்நாட்டில் ஊன்றியதில் சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனைக்குப் பெரும் பங்கு உண்டு. இங்கே கவனிக்க வேண்டியது இரண்டுதான். தனிக் கவுன்சிலிங் வாரத்துக்கு எத்தனை, குடும்பத்தோடு சேர்ந்த அமர்வு வாரம் ஒன்றாவது உண்டா. குடும்பத்தைக் கூப்பிடாத இல்லத்தில், மாறிய ஆள் மாறாத வீட்டுக்குத் திரும்புவார்.

சாராயம் தவிர்த்த போதைகளுக்கு இதே முப்பது நாள் அச்சு சரியாகப் பொருந்தாது. கஞ்சா நிறுத்தினால் வலிப்பு வராது. ஒன்றிரண்டு வாரம் தூக்கமின்மையும் எரிச்சலும் இருக்கும். ஆனால் பயமும் சந்தேகமும் காதில் குரலுமாக வருகிற பையனுக்கு வேண்டியது மனநல மருத்துவர். அவனைக் குடிகாரர்கள் குழுவில் உட்காரவைத்துப் பயனில்லை. வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போடுகிற பழக்கம் வேறு ரகம். டேபென்டடால், ட்ரமடால் இரண்டும் சாதாரண மார்ஃபின் சோதனைப் பட்டையில் தெரியாது. பட்டை 'நெகட்டிவ்' காட்டியதும் பையன் திருந்திவிட்டான் என்று நம்பிய பெற்றோர் ஏமாறுவார்கள். கஞ்சாவோ, தினம் இழுத்தவருக்கு நிறுத்தி ஒரு மாதம் வரைகூட 'பாசிட்டிவ்' காட்டலாம். அதை வைத்து ஆளை அடிக்கக் கூடாது. இத்தகைய ஓபியாய்டு (அபின் வகை) மாத்திரை, ஊசிக்காரர்களுக்கு உடம்பைச் சுத்தம் செய்வதைவிட, புப்ரெனார்ஃபின் என்ற மாற்று மருந்தை மருத்துவர் மேற்பார்வையில் நீண்ட நாள் தருவதே பெரும்பாலும் பாதுகாப்பு. அது இல்லாத இல்லத்தில் ஒரு மாதம் பூட்டிவைத்து அனுப்பினால், தாங்கும் சக்தி இறங்கிப்போன உடம்பில் பழைய அளவையே ஏற்றுவான், மூச்சு நின்றுவிடும்.

18 வயதுக்குக் கீழே உள்ளவரைப் பெரியவர்களோடு ஒரே ஹாலில் போடுகிற இடத்துக்கு வாசலோடு கும்பிடு போட்டுவிட வேண்டும். பெண்களுக்குத் தனி வார்டும் பெண் ஊழியரும் உள்ள இடம் இந்தப் பக்கம் அரிது. ஹைகிரவுண்டைத்தான் முதலில் சொல்வோம்.

கடைசி ஐந்து நாள்

சிகிச்சைக்குப் பின் சறுக்குவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில். ஆகவே டிஸ்சார்ஜுக்கு ஐந்து நாள் முன்பே திட்டம் எழுதத் தொடங்காத இல்லம் பாதி வேலையில் நிற்கிறது. எழுத வேண்டியவை என்ன?

மாத்திரை. குடி ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் 50 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. ஈரல் பரிசோதனை பார்த்துத் தருவார்கள். ஓபியாய்டு எடுப்பவருக்கு ஒரு வாரம், பத்து நாள் இடைவெளி இல்லாமல் கொடுத்தால் போதை நின்றதால் வரும் உடல் அவதி (வித்டிராயல்) கடுமையாக வரும். அகாம்ப்ரோசேட் 333 மில்லிகிராம், வேளைக்கு இரண்டாக மூன்று வேளை, நாளுக்கு ஆறு மாத்திரை. எண்ணிக்கையைப் பார்த்தே பலர் விட்டுவிடுவார்கள். டைசல்ஃபிராம் வேறு விதம்: இதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கும். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த வினை வரலாம். அவருக்குத் தெரிந்து, சம்மதித்து, வீட்டார் கண்முன் காலையில் போட்டால் நல்ல மருந்து. குழம்பில் கலந்து கொடுத்தால் கொலைக்கு நெருக்கம். 'தெரியாமல் கலந்து கொடுக்கலாம்' என்று விற்கும் குடி மறக்கும் பொடிகளில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே வெளிச்சம். டைசல்ஃபிராம் எடுப்பவர் இருமல் சிரப்பையும் அரிஷ்டத்தையும்கூட மருத்துவரிடம் கேட்டே குடிக்க வேண்டும். அரிஷ்டத்தில் தானாகவே விளைந்த ஆல்கஹால் உண்டு. அசதிக்குத் தசமூலாரிஷ்டம் குடிக்கிற வீடுகள் நம் பக்கம் அதிகம்.

அடுத்த சந்திப்புத் தேதிகள்: முதல் வாரம், இரண்டாம் வாரம், நான்காம் வாரம், பிறகு மாதாமாதம். தேதியும் இடமும் சீட்டில் இருக்க வேண்டும். 'எப்ப வேணாலும் வாங்க' என்றால் யாரும் போவதில்லை. திசையன்விளையிலிருந்து மாதாமாதம் பாளையங்கோட்டைக்கு வர ஒரு நாள் கூலி போகும். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் வட்டார அரசு மருத்துவமனைகளுக்கு வருகிறார். எந்தக் கிழமை எந்த ஊர் என்று விசாரித்து, அங்கேயே மாத்திரை வாங்கும்படி எழுதித் தருகிற இல்லத்துக்கு ஒரு மதிப்பெண் கூடுதல்.

பணம். கடன்பட்டியல் ஒன்று எழுதப்பட வேண்டும்: குழுக்கடன் எவ்வளவு, நகை எங்கே அடகில், யாருக்கு வாரவட்டி. முதல் வாரமே கடன்காரன் வாசலில் நின்றால் ஆள் எங்கே போவார் என்பது தெரிந்ததே. கொத்தனார், லோடுமேன், டிரைவருக்குச் சனிக்கிழமைக் கூலி கையில் வரும் நேரம்தான் கண்டம். முதலாளி சம்மதித்தால் கூலி வீட்டுக்காரம்மா கணக்குக்கு மூன்று மாதம் போகட்டும். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றிக் குடும்பத்தை நடத்திய பெண்ணிடம், ஆள் திரும்பியதும் வரவுசெலவுப் பொறுப்பை மொத்தமாகப் பிடுங்கி அவர் கையில் கொடுக்கிற கவுன்சிலர்களும் உண்டு. 'ஆம்பளைக்கு மரியாதை வேணும்' என்பார்கள். மூன்று மாதம் பொறுக்காத மரியாதை என்ன மரியாதையோ.

சறுக்கினால் என்ன செய்வது என்பதும் எழுத்தில் வேண்டும். ஒருநாள் குடித்துவிட்டார் என்றால் யாரைக் கூப்பிடுவது, அதே இல்லம் மறுபடி சேர்க்குமா, முழுக் கட்டணம் கேட்குமா. 'எங்களிடம் வந்தால் மறுபடி குடிக்கவே மாட்டார், கேரண்டி' என்று சொல்கிற இடத்தில் இந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்பையும் குறித்துக்கொள்ளலாம்.

கடைசியாகக் காலண்டர். சேர்க்கும் அன்றே ஊர்க் கொடை (கோயில் திருவிழா) எந்தச் செவ்வாய், எந்த வெள்ளி என்று பார்க்க வேண்டும். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார், சுடலைக்குச் சுருட்டும் பாட்டிலும் வைத்துப் படைக்கிற கொடை, இவையெல்லாம் சொந்தபந்தம் கூடி 'ஒரு கட்டிங்தான் மாப்ளே' என்று கையில் திணிக்கிற இடங்கள். முப்பதாம் நாள் கொடை வாரத்தில் விழுந்தால், இல்லத்தில் பேசி டிஸ்சார்ஜை ஒரு வாரம் தள்ளிப்போடலாம். தங்க அவருக்கே விருப்பம் இருந்தால் இதற்குத் தனி நடைமுறை எதுவும் வேண்டியதில்லை, கூடுதல் நாளுக்குக் கட்டணம் எவ்வளவு என்பதை மட்டும் முன்பே கேட்டுவைக்கவும். கொடை வரியைத் தலைக்கட்டுக்கு உண்டானபடி தம்பி கையில் கொடுத்தனுப்பிவிடலாம்.